இடது சக்கரத்தில் வெள்ளை

சனிக்கிழமை மதியம் அபே ஆற்றங்கரைச் சமூகக் கூடத்தின் மாடி அறையில் இருந்தவர்கள்: மாதிரி விமானச் சங்கத் தலைவர் நாகாகுரா, வயது அறுபத்தெட்டு, கண்புரை அறுவை முடிந்து பதினெட்டு நாள்; பல் மருத்துவர் தோதா, கையைவிட வாய் வேகமானவர்; மீன் ஆலை மேற்பார்வையாளர் இசோபே சாச்சியே, அறைச் சாவி அவரிடம்; காஜி, வயது முப்பத்தொன்பது, பதினோரு மாதமாக வந்துபோகிறவன், இன்னும் உறுப்பினன் அல்ல. மேசை நடுவில் நாகாகுராவின் இரட்டை என்ஜின் பயணிகள் விமானம், அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. எல்லாம் முடிந்துவிட்டது, சக்கரங்களைத் தவிர.

சக்கரங்கள் காஜியிடம் இருந்தன. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவன் எத்தனை நன்றாகச் செய்தாலும் அவன் விமானம் கண்காட்சி மேசையில் ஏறாது. பழைய உறுப்பினர் ஒருவர் தன் விமானத்தில் ஏதாவது ஒரு பாகத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் அதை முடித்துக் காட்ட வேண்டும். எப்படிச் செய்தான் என்பதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், அதை இசோபே நோட்டில் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அவன் பெயர் அட்டை மேசைக்கு வரும்.

கண்காட்சி மறுநாள். காஜியின் சொந்த விமானம் அவன் நாற்காலிக்கு அடியில் ஒரு காலணிப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு வருட வேலை. அவனைத் தவிர அதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

மூன்று மணிக்கு நாகாகுரா மேல்சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"விமானம் வெக்க நல்ல அட்டப்பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வரேன். நாலு மணிக்கு நான் வரும்போது இது சொந்தக் கால்ல நிக்கணும், காஜி-குன்," என்றார், இளையவனை அழைக்கும் உரிமையோடு.

"நிக்கும், தலைவரே."

டயர் கறுப்பு என்று நினைப்பவன் டயரைப் பார்த்ததே இல்லை. காஜி கறுப்பைத் தொடவே இல்லை. கருஞ்சாம்பலில் பழுப்பு இரண்டு சொட்டு கலந்தான். சக்கரத்தைப் பல்குச்சியில் குத்தி, தூரிகையை அசைக்காமல் பிடித்து, குச்சியை மட்டும் விரலால் உருட்டினான். தரையைத் தொடும் பகுதிக்குக் கொஞ்சம் வெளுத்த சாம்பல். பக்கச் சுவர் இருண்டே இருக்க வேண்டும். ரப்பரும் உலோகமும் சேரும் வட்டத்தில் நீர்த்த வண்ணத்தை ஒரு புள்ளி வைத்தான். அது பள்ளம் வழியே தானாக ஓடிச் சுற்றி வந்து நின்றது. மூன்று சக்கரமும் நன்றாக வந்தன. அவனுக்கே தெரிந்தது.

அச்சில் மாட்டும்போது துளை இறுக்கமாக இருந்தது. துளைக்கருவியால் அரைச் சுற்றுச் சுற்றியிருந்தால் போதும். மணி மூன்றரை தாண்டியிருந்தது. அழுத்தினான். இறங்கிவிட்டது.

தோதா வறுத்த மீன் அப்பத்தை மென்றுகொண்டே குனிந்து பார்த்தார்.

"என்ன காஜி-குன், டயர இப்பதான் கடையிலேந்து வாங்கி மாட்டினியா? ஒருதடவகூட தரையில எறங்கின மாதிரி தெரியலயே. இப்பதான் பல்லு வெளக்கின மாதிரி இருக்கு."

"வெளக்கின பல்ல நீங்க எங்க பாத்தீங்க?" என்றார் இசோபே. "எல்லாரும் பல்லு வெளக்கினா உங்க கடைய மூட வேண்டியதுதான்."

"உங்களுக்கென்ன, கடல் விமானமா செஞ்சு தள்றீங்க. டயரும் இல்ல, தலவலியும் இல்ல. இவன் பாடு அப்படியா? தலைவர் வந்ததும் மொதல்ல டயரத்தான் பாப்பாரு."

காஜி சிரிக்கவில்லை. சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவனுக்கும் பட்டது. பழுப்பு எனாமலில் லைட்டர் எண்ணெய் ஊற்றிக் கரைத்து, மெல்லிய தூரிகையால் சக்கரத்தின் பள்ளங்களில் தொட்டுவிட்டான். இடது, வலது, மூக்குக்கு அடியில் இருந்த மூன்றாவது, எல்லாவற்றிலும். அழுக்கு அழகாகப் படிந்தது. மிச்ச எண்ணெய் அச்சோரமாக உள்ளே போனதை அவன் கண்ணால் பார்த்தான். பார்த்த பிறகுதான் புத்திக்கு எட்டியது.

இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் எண்ணெய் போனால் அது விரிசல் விடும். முதலில் அழுக்கு, பிறகு பொருத்துவது. முதல் மாதம் வருகிறவனுக்குக்கூடத் தெரிந்த பாடம் அது. அவன் தலைகீழாகச் செய்துவிட்டான்.

உருப்பெருக்கியை எடுத்தான். விமானத்தின் இடது காலில், அச்சுக்கு மேலே, மயிரிழை போல ஒரு கோடு. ஊதினால் போய்விடும் தூசி மாதிரி இருந்தது. ஊதினான். போகவில்லை.

மணி மூன்று நாற்பத்தைந்து. விமானம் வாலில் சாயாமல் இருக்க அதன் மூக்குக்குள் ஈயம் அடைத்திருந்தார் நாகாகுரா. அத்தனை பாரமும் காலில்தான். தோதாவும் இசோபேயும் நாளைக்கு மேசை விரிப்பு நீலமா பச்சையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவன் சொல்லவில்லை.

நொடியில் ஒட்டும் பசையை ஊசிமுனையில் எடுத்து அந்தக் கோட்டில் வைத்தான். பசை உள்ளே இழுபட்டது. கோடு மறைந்தது. மூச்சு விட்டான். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தபோது பசையின் ஆவி படிந்து டயரின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தால் வண்ணம் வந்துவிடும். அப்படியே விட்டால் குருடனுக்கும் தெரியும். துணியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

நாகாகுரா பெட்டியைக் கீழே வைத்ததும் நேராக மேசைக்கு வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உருப்பெருக்கியை வலது சக்கரத்தில் வைத்தார். பிறகு மூக்குச் சக்கரம். பிறகு இடது. அங்கே நின்றுவிட்டார்.

"அடேயப்பா," என்றார் நாகாகுரா.

உருப்பெருக்கியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"வெயில்ல காஞ்ச ஓடுபாதைத் தூசி. எறங்கின ஒடனே பிரேக் புடிச்சா இப்படித்தான் ஒருபக்கமா வெளுக்கும். தோதா-சான், வந்து பாருங்க. இசோபே-சான், நீங்களும்."

இருவரும் பார்த்தார்கள். தோதா விசில் அடித்தார். "நான் தூண்டிவிட்டதாலதான் இப்படி வந்துது, ஞாபகம் வெச்சுக்கோ."

நாகாகுரா பத்து நிமிடம் இடது சக்கரத்தையே பார்த்தார். இருபது வருடமாக இந்த மாதிரி வெள்ளையைத் தேடியதாகச் சொன்னார். காஜி தலையசைத்துக்கொண்டே இருந்தான். விமானத்தை அவர் தொடும்போதெல்லாம் அவன் பார்வை அதன் இடது காலுக்குப் போனது. இசோபே நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லு காஜி-குன். வெள்ளை எப்படி வந்துது? சாக்பீஸ் பொடியா?"

சாக்பீஸ் பொடி என்று சொன்னால் முடிந்தது. "ஆமா" என்று சொல்ல வாயெடுத்தான்.

"வலதுக்கும் இதே மாதிரி இப்பவே போட்டுடு," என்றார் நாகாகுரா. "எங்க கண்ணு முன்னால போடு. நான் பாக்கணும்."

காஜி பொடிப் பெட்டியைத் தேடுவது போலக் கையைத் துழாவினான். எந்தப் பொடியும் அந்த வெள்ளையைத் தராது. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"அது பொடி இல்ல," என்றான். "பசை ஆவி. கால்ல விரிசல் விட்டுடுச்சு. சக்கரத்த மாட்டின பெறகு எண்ணெய் விட்டுட்டேன்."

இசோபே பேனாவை மூடினார். நாகாகுரா உருப்பெருக்கியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"எப்ப?"

"நாலு மணிக்கு முன்னாலயே."

"நான்தான் தலைவரே அழுக்குப் பூசச் சொன்னேன்," என்றார் தோதா.

"நீங்க வாயால பூசினீங்க. எண்ணெய் விட்டது அவன்." நாகாகுரா காஜியின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "கால்ல விரிசல் விடறது எனக்கும் நடந்திருக்கு. அஞ்சு தடவ. நான் முட்டாளாட்டம் கண்ண ஒட்டவெச்சு மெச்சிக்கிட்டிருந்தேன் பாரு, அப்ப நீ பக்கத்துலயே நின்னு தலையாட்டினே."

காஜி துணியை மடித்து மேசையில் வைத்தான்.

"வலது காலுக்கும் எண்ணெய் விட்டியா?"

"விட்டேன்."

"அப்ப அதுலயும் காலையில விரிசல் விடும். இப்பவே பசை வை. மூக்குக்கும்."

வைத்தான். தோதா பேசாமல் மேசை விளக்கை அவன் பக்கம் சாய்த்துக் கொடுத்தார். வலது சக்கரத்தில் வெள்ளை திட்டுத்திட்டாக வந்தது, இடது போல வரவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?"

"தெரியல, தலைவரே."

நாகாகுரா விமானத்தைப் பெட்டிக்குள் இறக்கி, இறக்கைகளுக்கு அடியில் பஞ்சு வைத்தார். "காலையில எட்டு மணிக்கு வந்து மேசை தூக்கு. உன் பெட்டி வீட்லயே இருக்கட்டும்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் யாராவது உன் கையில ஏதாவது குடுத்தா பாப்போம்."

அவரும் தோதாவும் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். பார்த்து, பார்த்து என்று தோதா சொல்வது கீழே போகும்வரை கேட்டது. அறையை ஐந்துக்குக் காலி செய்ய வேண்டும். இசோபே ஜன்னல்களைச் சாத்தினார், நோட்டைப் பையில் போட்டார். இன்றைய பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது.

"நோட்டுல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டான் காஜி.

"ஒண்ணும் எழுதல. எழுதணுமா?"

அவன் தூரிகைகளைச் சுருட்டிக் கட்டினான். காலணிப் பெட்டியை நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். இசோபே விளக்கை அணைத்துவிட்டுப் பின்னால் வந்தார். கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.