மூன்றாவது அலை எங்கே?

அண்ணிக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். லேசர் கூடத்தின் கட்டுப்பாட்டு அறையில் அன்று காலையிலிருந்தே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆய்வகமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். குண்டு செய்யும் அறையில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனார் வாய்க்கு வாய் அண்ணி போட்டு எல்லாரையும் கெடுத்து வைத்திருந்தாள்.

குண்டு என்றால் வெடிகுண்டு இல்லை. மிளகைவிடச் சின்ன உருண்டை, உள்ளே உறைந்த ஹைட்ரஜன் எரிபொருள். லேசர் பட்டதும் மேல்தோல் ஆவியாகி வெளியே சீறும். அந்த உதைப்பில் ஓர் அதிர்ச்சி அலை உள்ளே பாயும். லேசரால் மூன்று தட்டாகத் தட்டினால் மூன்று அலை, ஒன்றைவிட ஒன்று வேகம். மூன்றும் எரிபொருளின் உள்விளிம்பில் ஒன்றாகப் போய்ச் சேரவேண்டும். வழியிலேயே முட்டிக்கொண்டால் எரிபொருள் முன்கூட்டியே சூடேறி, அமுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அண்ணிக்கு இதெல்லாம் வீட்டு வேலை மாதிரி. மாமியார், கணவர், மகள் மூவரையும் ஒரே ரயிலில் ஏற்ற, மெதுவாக நடப்பவரை முதலில் கிளப்பி, ஓடுகிறவளைக் கடைசியில் விரட்டிப் பழகியவள் அவள்.

மூன்றாவது தட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடவேண்டும் என்று மாதக்கணக்கில் மன்றாடினாள். துறைத் தலைவர் அசைந்து கொடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் 'பொறுங்க' என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. கடைசியில், ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாம் என்றார். தவறினால் அவளுடைய கணக்கு குப்பைக்கு, பழைய அளவே நிரந்தரம்.

"இதுதான் கடைசிக் குண்டு அண்ணி," என்று சொல்லித்தான் நாத்தனாரும் கொடுத்திருந்தாள். "கெடுத்தீங்கன்னா இனிமே வீட்டுச் சமையல் பூரா உங்க தலையிலதான்."

சுட்டார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் குண்டு இல்லை. திரையில் அலையின் வேகத்தைக் காட்டும் கோடு வந்தது. பின்னால் வரும் அலை முன்னால் போவதைப் பிடிக்கும்போதெல்லாம் கோடு ஒரு படி தாவும். பழைய படங்களில் எப்போதும் இரண்டு படி. இன்று ஒன்றுதான்.

"மூணாவது அலை எங்கம்மா?" என்றார் பொறுங்க.

காலையிலிருந்து தாங்காத அண்ணியின் சிரிப்புப் போன இடம் தெரியவில்லை.

"நம்ம பக்கம் மூணு தட்டும் ஒழுங்காப் போயிருக்கு சார்," என்றார் லேசர்காரர்.

"அப்ப மூணாவது எங்க போச்சு? பொறுங்க, யாரும் எதையும் தொடாதீங்க."

அண்ணி திரைக்கு அருகே போனாள். படி ஒன்றுதான், ஆனால் எவ்வளவு உயரம். பழைய படத்தின் இரண்டு படிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதற்கு மேலே நின்றது.

"நீங்க பொறுங்க சார்," என்றாள். "எங்கயும் போகல. ரெண்டும் ஒரே நேரத்துல வந்து முதல் அலையப் பிடிச்சிருக்கு. இடத்தப் பாருங்க, உள்விளிம்பு."

லேசர்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தார், அது அறை முழுக்கத் தொற்றிக்கொண்டது. அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பொறுங்ககூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "ஆனா ஒரு தடவ வந்தா அது அதிர்ஷ்டம். இன்னொரு தடவ காட்டுங்க, ஒத்துக்கறேன்."

இன்னொரு குண்டுக்கு எங்கே போவது? அண்ணி நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"நம்ம கணக்கு சரியா வந்துடுச்சுடி. ஆனா அவர் திரும்பவும் சுடணுங்கறார்."

மறுமுனையில் ஏதோ டப்பா திறக்கும் சத்தம்.

"கடைசின்னு சும்மா சொன்னேன்," என்றாள் நாத்தனார். "உங்க கணக்கு தப்பாகும்னு நான் ஒரு நாளும் பயப்படல அண்ணி. சரியா வந்தாலும் அந்த மனுஷன் ஒரு தடவையில நம்பமாட்டாரேன்னுதான் பயம். அதான் அப்பவே ஜோடியாச் செஞ்சு வச்சேன்."