சுண்ணாம்புக் கோடு

அதுவரை செஞ்சித் தொகுதிக்குக் கட்சி வேட்பாளர் யார் என்பதைச் சென்னையில் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். மறுநாள் பேப்பரில் பெயர் வரும். தொண்டன் அதைப் படித்துவிட்டுச் சுவரொட்டி ஒட்டப் போவான். யாருக்கும் சிரமமில்லை.

அறுபத்தேழு தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சிரமத்தைக் கொண்டுவந்தவர் நகரச் செயலாளர் சுந்தரமூர்த்தி. பென்ஷன் வாங்கும் தலைமையாசிரியர். அமெரிக்காவில் சில ஊர்களில் ஜனங்கள் ஒரு கூடத்தில் கூடி, ஆளுக்கொரு மூலையில் நின்று, தலையை எண்ணி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தார். படித்தது ஒரு பத்தி. அந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு பதினோரு விதிகள் எழுதி, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி, சம்மதமும் வாங்கிவிட்டார்.

"சீட்டு எழுதிப் போட்டுட்டா ரெண்டு நிமிஷ வேல சார்" என்றான் கடைத்தெருத் தையல்காரன் உத்திராபதி.

"சீட்டுல ஒளிஞ்சிக்கறது கோழைத்தனம். அமெரிக்காக்காரன் நெஞ்ச நிமித்தி நிக்கறான்யா."

"அவன் கட வாடகைக் கடையா சார்?"

உத்திராபதியின் கடை வாடகைக் கடைதான். கட்டடம் சிங்காரவேலுவுடையது. வேட்பாளராக ஆசைப்பட்ட இருவரில் ஒருவர் சிங்காரவேலு. அரிசி மில், வேர்க்கடலை அடுக்கும் மல்லாட்டைக் கிடங்கு, கடைத்தெருவில் பாதி எல்லாம் அவருடையவை. கூட்டம் நடத்த மல்லாட்டைக் கிடங்கையே இலவசமாகத் தருவதாகச் சொன்னார். கூடவே ஏழாவது விதியையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்: மதியம் இரண்டு மணிக்குக் கதவு சாத்தப்படும், அதற்குப் பிறகு வெளியே போனவர் கணக்கில் இல்லை, திரும்பி வந்தாலும் இல்லை.

"ஒழுங்கு வேணும் இல்ல?" என்றார் சிங்காரவேலு. சுந்தரமூர்த்திக்கு ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்கும். எழுதிக்கொண்டார்.

இன்னொரு ஆசைக்காரர் அவலூர்பேட்டை தேவநாதன். ஒன்றியத்தில் உறுப்பினர். அவருக்குப் பின்னால் ஊரிலிருந்து இருபது பேர் இருந்தார்கள். அது போதாது என்பது அவருக்கே தெரியும். மீதியை நேமிராஜ் சேர்த்துக் கொடுத்தான்.

நேமிராஜுக்கு ஜனநாயகத்தைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரு பாலம்.

அவன் ஊர் எடையார்பட்டு, வராக நதிக்கு அக்கரையில் இருக்கிறது. அறுபது வீடும் ஜைன வீடுகள்; நயினார் என்பது அவர்கள் பட்டம். வருஷத்தில் பத்து மாதம் ஆறு மணலாகக் கிடக்கும். மீதி இரண்டு மாதம் யாரையும் விடாது. போன வருஷம் ஐப்பசியில் அவன் மனைவி ராஜமதியைப் பிரசவத்துக்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். காலையிலிருந்து வண்டி கரையில் நின்றது. சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. வண்டியை ஊருக்குத் திருப்பினார்கள்.

துக்கம் கேட்க வந்த தேவநாதன், அடுத்த மாதம் நீலக் காகிதத்தில் பாலத்தின் படம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஆறு தூண்கள். நேமிராஜ் அந்தக் காகிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினான். பி.ஏ. படித்தவன், பேச்சு குறைவு. காகிதத்தை விரிப்பான், மடிப்பான், அடுத்த வீட்டுக்குப் போவான். முப்பத்தெட்டு உறுப்பினர்கள் வர ஒப்புக்கொண்டார்கள். அதில் மூத்தவர் ஜினசேனன் நயினார். அறுபத்தாறு வயது. பிறந்ததிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீர் தொட்டவரில்லை.

கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கிடங்கின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்திருந்தது. கிழக்கே சிங்காரவேலு, மேற்கே தேவநாதன். சுந்தரமூர்த்தி விசில் வைத்திருந்தார்.

வர முடிந்தவர்கள் வந்தார்கள். பஸ் ஓட்டுகிறவன் வரவில்லை. கைக்குழந்தைக்காரி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவன் வரவில்லை. தொகுதி முழுக்க ஆயிரக்கணக்கில் உறுப்பினர். கிடங்கில் நூற்றுப் பதிமூன்று பேர்.

"மக்கள் சக்தி" என்றார் சுந்தரமூர்த்தி, மூட்டைமேல் ஏறி நின்று.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். விசில் ஒலித்தது. கும்பல் இரண்டாகப் பிரிந்தது. உத்திராபதி மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்றான்.

"யோவ், எந்தப் பக்கம்யா நீ?"

"கால் மரத்துப் போச்சு சார். செத்த இருங்க."

சிங்காரவேலு அவனைப் பார்த்தார். மரத்த கால் உடனே குணமாகிக் கிழக்கே போயிற்று. போகிற வழியில் நேமிராஜின் காதில், "அளவெடுக்கறவன் நானு. இன்னிக்கு என்னையே அளவெடுத்துட்டாங்க" என்றான்.

எண்ணுகிறவன் எண்ணுவதற்கு முன்பே சிங்காரவேலு கண்ணால் எண்ணிவிட்டார். மேற்கே ஐம்பத்தெட்டு. கிழக்கே, தையல்காரனையும் சேர்த்து, ஐம்பத்தைந்து. அவர் பதறவில்லை. இதற்காகத்தான் ஏழாவது விதி. அமெரிக்காவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. எடையார்பட்டைப் பற்றித் தெரியும். நயினார்கள் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஐந்து மணிக்கு மெதுவாக நடையைக் கட்டுவார்கள். கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும்.

அதுவரை யாராவது பேச வேண்டும். நாலாவது விதிப்படி எந்த உறுப்பினரும் எவ்வளவு நேரமும் பேசலாம்; பேச்சு முடிந்த பிறகுதான் எண்ணிக்கை. சிங்காரவேலுவின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக மூட்டைமேல் ஏறினார்கள். ஒருவர் தேசிங்குராஜா குதிரையில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தார். குதிரை தண்ணீர் குடிக்கவே அரைமணி ஆயிற்று. அடுத்தவர் உலக சமாதானம் பேசினார். அதற்கடுத்தவர் பேச எதுவும் கிடைக்காமல், முன்னால் பேசிய இருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார்.

கூரைக்குக் கீழே இருந்த சின்னச் சாளரம் வழியாக ராஜகிரி மலை தெரிந்தது. சூரியன் மலையின் தோளில் உட்கார்ந்தது. மேற்குப் பக்கத்து ஆட்கள் சாளரத்தைப் பார்த்தார்கள். சிங்காரவேலு அவர்களைப் பார்த்தார்.

"நயினாரே, ஒடம்ப வருத்திக்காதீங்க" என்றார் அன்பாக. "தர்மம் மொதல்ல. அப்புறந்தான் கட்சி. போய் சாப்ட்டு வாங்க."

"வந்தா சேத்துக்குவீங்களா?" என்றான் நேமிராஜ்.

"விதின்னு ஒண்ணு இருக்குதே தம்பி."

நேமிராஜ் ஜினசேனனைப் பார்த்தான். இருங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வேறொருவர் நோன்பில் தன் பாலத்தைக் கட்ட யாருக்கு உரிமை? இளைஞர்கள் சிலர் வேட்டியை இறுக்கிக்கொண்டார்கள். ஒருவன் கதவுப் பக்கம் நாலடி வைத்தான்.

சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போயிற்று. யாரோ ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றினார்கள்.

ஜினசேனன் நயினார் விளக்கைப் பார்த்தார். பிறகு தரையைத் துண்டால் தட்டிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கடா கெளம்பறீங்க? வெளக்கு வெச்சாச்சு. இனி வூட்டுக்குப் போயி இன்னாத்த சாப்பிடறது? எங்க இருந்தாலும் பட்டினிதான். உக்காருங்க."

முப்பத்தெட்டு பேரும் உட்கார்ந்தார்கள். விடியும்வரை அவர்களுக்கு வேறு வேலையே கிடையாது.

சிங்காரவேலு கணக்கில் இது இல்லை. அதைவிட மோசம், பக்கத்து மில் வளாகத்தில் அவரே ஏற்பாடு செய்திருந்த வெற்றி விருந்து. சமையல்காரனிடம் ஆறு மணி என்று சொல்லியிருந்தார். அவன் நேரம் தவறாத மனுஷன். ஆறு மணிக்கு அண்டாவின் மூடியைத் திறந்தான். ஆட்டுக்கறி வாசனை சாளரம் வழியாக உள்ளே இறங்கி, மேற்குப் பக்கத்தில் யாரையும் அசைக்காமல், கோட்டைத் தாண்டிக் கிழக்கே போய் உட்கார்ந்தது.

மதியத்திலிருந்து நின்றுகொண்டிருந்தவர்கள். முதலில் ஒருவன் வயிற்றுவலி என்றான். அவனுக்குத் துணையாக இரண்டு பேர் போனார்கள். மூட்டை ஏற்றும் பின்கதவு ஒன்று இருந்தது. அதைச் சாத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"டேய், எங்கடா போறீங்க?"

"ஒண்ணுக்கு மொதலாளி."

"பத்து பேருக்குமா?"

மூட்டைமேல் நின்றவர் நாலாவது முறையாக உலக சமாதானத்துக்கு வந்தபோது, தமக்கு முன்னால் ஆளில்லாததைக் கவனித்துத் தாமும் இறங்கிப் போனார். தேவநாதன், "எண்ணுங்க, எண்ணுங்க" என்று கத்தினார்.

எண்ணினார்கள். மேற்கே ஐம்பத்தெட்டு. கிழக்கே பதினேழு. கறி மணக்கும் வாயோடு ஓடி வந்தவர்களைச் சுந்தரமூர்த்தி வாசலிலேயே மறித்தார்.

"ஏழாவது விதி" என்றார், கண் கலங்க.

நேமிராஜ் நீலக் காகிதத்தைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்த வருஷத்தில் அவன் எதையாவது விரும்பி எதிர்பார்த்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

ஐந்து நிமிஷம் ஏனென்றால், சிங்காரவேலு தேவநாதனின் கையைப் பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பேச அவ்வளவு நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது இருவர் கழுத்திலும் ஒரே மாலை பாதிப் பாதியாகக் கிடந்தது.

"கட்சி ஒற்றுமைக்காக" என்றார் தேவநாதன், "நான் விலகிக்கறேன். அண்ணன் சட்டசபைக்கு. நான் ஒன்றியச் சேர்மனுக்கு."

"எங்கள ஒரு வார்த்த கேக்கல" என்றான் நேமிராஜ்.

"உங்களுக்காகத்தான் தம்பி."

"பாலம்?"

"சேர்மனா வந்தா ஒண்ணுக்கு ரெண்டா போட்டுட மாட்டேன்?"

சொல்லிவிட்டு விருந்துக்குப் போனார். அவருடைய இருபது பேரும் போனார்கள். தோற்ற பதினேழும் போயிற்று. உத்திராபதி போகும்போது, "நயினாரே, நாலு மணி நேரம் நின்னது எனக்குப் பழக்கம். யாருக்கு நின்னோம்னு தெரியாதது புதுசு" என்றான்.

கிடங்கில் முப்பத்தெட்டு பேரும் சுந்தரமூர்த்தியும் அவருடைய தீர்மானப் புத்தகமும் மிஞ்சினார்கள். பதினோராவது விதி அவர் சொந்தக் கற்பனை: எண்ணப்பட்ட அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் தீர்மானம் செல்லும். விருந்துக்குப் போனவர்கள் போகும்போதே போட்டுவிட்டார்கள். புத்தகத்தை ஜினசேனன் முன்னால் விரித்தார்.

"இன்னா எழுதிருக்குது நேமி?"

"சிங்காரவேலு. ஏகமனதா."

"கோட்டுக்கு இந்தாண்ட உக்காந்திருக்கறவங்களுக்கு மனசு இல்லியா?"

"நயினாரே, எனக்காகப் போடுங்க" என்றார் சுந்தரமூர்த்தி. "ராத்திரிக்குள்ள அனுப்பலன்னா மாவட்டத்துல என் மானம் போயிடும்."

"காலையில போடறோம்" என்றான் நேமிராஜ். "இல்லன்னா நாளான்னைக்கு. எங்களுக்குப் பட்டினி புதுசு இல்ல. நாலாவது விதிப்படி நான் பேசவும் செய்யலாம்."

சுந்தரமூர்த்தி மில்லுக்கு ஓடினார். இலையிலிருந்து எழுந்துவந்த சிங்காரவேலுவின் கையில் சோறு ஒட்டியிருந்தது. பின்னால் தேவநாதன், அதே கையோடு.

"இன்னாதான் வேணும்?"

"வேட்பு மனுவுக்கு முன்னால பாலத்துக்கு அடிக்கல். உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கணும். இதுலயே எழுதுங்க."

"ப்பூ, இவ்ளோதானா?" சிங்காரவேலு முகம் மலர்ந்தது. கல் தருவது அவருக்கு எப்போதுமே கஷ்டமில்லை. பேனாவுக்குக் கை நீட்டினார்.

"கை கழுவிட்டு வாங்க" என்றார் ஜினசேனன். "நாங்க தொடற புஸ்தகம்."

இருவரும் போய்க் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். பிறகு முப்பத்தெட்டு பேரும் போட்டார்கள்.

தை பிறந்ததும் அடிக்கல் நட்டார்கள். இடுப்பு உயரக் கருங்கல், ஆற்றின் இக்கரையில், பள்ளத்தில். மேளம் வந்தது. ஆறு தூண்களைப் பற்றித் தேவநாதன் பேசினார்.

மாசியில் தேர்தல். அது சீட்டுத் தேர்தல். மறைவுக்குள் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று சிங்காரவேலுவுக்குத் தெரியவில்லை. தோற்றார் என்பது மட்டும் தெரிந்தது. அன்று உத்திராபதி கடையில் தையல் இயந்திரம் ரொம்ப நேரம் பாட்டோடு ஓடியது. புதிதாக ஜெயித்தவர், பழைய கட்சிக்காரர் நட்ட கல்லுக்குத் தாம் ஏன் பாலம் கட்ட வேண்டும் என்று கேட்டார். தேவநாதனும் சேர்மன் ஆகவில்லை. சுந்தரமூர்த்தி விதிகளில் திருத்தம் எழுதிக்கொண்டிருந்தார். பின்கதவுக்கு ஒரு விதி.

கல் மட்டும் இருந்தது. மேலே கட்சியின் பெயர், நடுவில் சிங்காரவேலு, அடியில் சின்ன எழுத்தில் தேவநாதன். தண்ணீர் ஏறும்போது அக்கரையில் நின்றே ஆழத்தைப் படிக்க முடிந்தது. தேவநாதன் முழுகினால் வண்டியைக் கவனமாக ஓட்டலாம். சிங்காரவேலு முழுகினால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டியதுதான். கட்சிப் பெயர் முழுகியதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு விடிகாலை. ஜினசேனனின் மருமகள் நீலாஞ்சனா வண்டிக்குள் படுத்திருந்தாள். வலி அப்போதுதான் தொட்டிருந்தது. நேமிராஜ் கரையில் நின்று, மழைச் சாரலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு கல்லைப் பார்த்தான்.

"இன்னா நேமி, எவ்ளோ இருக்குது?" என்றார் கிழவர் வண்டியிலிருந்து.

"தேவநாதன் போயிட்டாரு. சிங்காரவேலு கழுத்து வரைக்கும்."

"போலாமா?"

நேமிராஜ் மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முதலில் தான் தண்ணீரில் இறங்கினான்.

"போலாம். அவரு முழுவறதுக்குள்ள போயிடலாம். ஓட்டுங்க."