ஆணிக்குள் உட்கார்ந்திருந்தவர்

தில்லைநாயகியும் அவள் ஓரகத்தி பவளக்கொடியும் ஒரே குளியலறையில், ஒரே வழுக்கலில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார்கள். எது தேவலை என்று ஒப்பிட்டுப் பார்க்க, டாக்டர் மூத்தவள் தில்லைநாயகியின் தொடையெலும்புக்குள் குட்டை ஆணியும் இளையவளுக்கு முழங்கால்வரை இறங்கும் நெட்டை ஆணியும் வைத்தார். அடுத்தடுத்த கட்டிலில் படுக்கவைத்தார்.

எக்ஸ்ரே வந்தது. பவளக்கொடியின் ஆணிக்குள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். போன வருஷம் செத்துப்போன அவள் புருஷன் மாசிலாமணி.

“அவுக எங்க வீட்டுக்காரவுக, டாக்டர்.”

“நெட்டை ஆணியில இப்படி வர்றதுதாம்மா. இடம் தாராளமா இருக்குல்ல.”

“எனக்கும் நெட்டையே வச்சிருக்கலாமே.”

“உங்களுக்கு ஆபரேஷன் சீக்கிரம் முடிஞ்சுது. ரத்தமும் கம்மியாத்தான் போச்சு. அதைப் பாருங்க.”

அவள் தன் படத்தைப் பார்த்தாள். அதில் ஆணி இருந்தது. ஆணி மட்டும்தான் இருந்தது.

“நானா கூப்பிட்டேன், அக்கா? பெரியத்தான் தானாத்தான் வந்தாக” என்றாள் பவளக்கொடி. அவள் தொடைக்குள் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. தில்லைநாயகி தலையைத் திருப்பிக் கேட்டாள். தன் வீட்டில் அந்த மனுஷன் ஒரு நாளும் முழுப் பேப்பரை உட்கார்ந்து படித்ததில்லை.

மறுநாள் இருவரையும் நடக்கவிட்டார்கள். தில்லைநாயகி வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஆத்திரத்தில் விறுவிறுவென்று நடந்து தாழ்வாரத்தின் கோடியைத் தொட்டுவிட்டாள். பவளக்கொடி அடிமேல் அடி வைத்தாள். அவள் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. ஆயாக்கள் ஓடிப்போய், நீண்ட இடத்துக்கு விளக்கு மாட்டினார்கள்.

“வேகமா வாங்கம்மா” என்றார் டாக்டர்.

“பெரியத்தான் காப்பி குடிக்கிறாக. சிந்திரும்.”

குட்டை ஆணியே தேவலை என்று டாக்டர் அறிவித்தார். வார்டில் எல்லோரும் வந்து தில்லைநாயகியின் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பவளக்கொடியின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

விளக்கணைக்கும் நேரத்தில் அவர்கள் கலைந்தார்கள். தில்லைநாயகி எழுந்துபோய் ஓரகத்தியின் கால்மாட்டில் நின்றாள்.

“சாப்பிட்டாகளான்னு கேளு.”

பவளக்கொடி குனிந்து முழங்காலிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

“சாப்பிட்டாகளாம், அக்கா.”

“யாரு போட்டா?”

பவளக்கொடி போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.