வார்டனுக்குத் தெரியாத காய்ச்சல்

முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் விடுதியில வார்டனா இருந்தவ நான். யார் பொய் சொல்றா, யார் பாதி பொய் சொல்றான்னு அறைக்கு வெளியில நின்னே கண்டுபிடிச்சிடுவேன். ஓய்வு வாங்கி இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. இங்கயும் எனக்கு வார்டன்னுதான் பேர். அது மரியாதைக்கா கிண்டலுக்கான்னு நான் கேட்டுக்கல. அக்கான்னு கூப்பிட மட்டும் ஒருத்தி இருக்கா. என் தங்கச்சி. கீழ்மாடியில பதினோராம் நம்பர் அறையில நாங்க ரெண்டு பேரும்தான்.

சின்ன வயசுல அவளுக்குக் காசநோய் வந்து ஒரு பக்க நுரையீரல் பாதிதான் வேலை செய்யும். மாடிப்படி ஏறினா ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு பேச்சுக் கொடுப்பா. மூச்சு வாங்கறதை மறைக்கத்தான் அந்தப் பேச்சு. அதனால இந்தத் தொற்று ஊரெல்லாம் பரவுதுன்னு செய்தி வந்த அன்னிக்கே நான் கணக்குப் போட்டுட்டேன். மத்தவங்களுக்கு வந்தா காய்ச்சல், இவளுக்கு வந்தா போச்சு. இவளுக்கு வரவிடக் கூடாது. அதுக்கப்புறம் எனக்கு வேற நினைப்பே கிடையாது.

இல்லத்து மேனேஜர் எங்களையெல்லாம் கூடத்துல உட்கார வெச்சு, எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு, யாரும் பயப்படாதீங்கன்னார். முகக்கவசம் மூக்குக்குக் கீழ தொங்குது, இவர் எங்களுக்கு தைரியம் சொல்றார். அடுத்த நாளே மூணாம் நம்பர் அறைக்காரரை ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறோம்னாங்க. ஸ்கேனுக்குப் போறவரோட மெத்தையை எதுக்கு பிளாஸ்டிக் பையில கட்டி பின்வாசல் வழியா வெளியில கொண்டு போகணும்? என்னை என்ன, காதுல பூ வெச்சவன்னு நினைச்சாங்களா?

அதுலேர்ந்து நான் யாரையும் நம்பல. துணி துவைக்கிறவ ஒரு நாள் தும்மினா. எங்க துணியை நானே துவைச்சுக்கிட்டேன். பேப்பர் போடறவர் வாசல்ல எச்சில் தொட்டுப் பேப்பரை எண்ணறதைப் பார்த்தேன், பேப்பரை நிறுத்தினேன். சாப்பாட்டுத் தட்டு எடுத்துட்டு வர்ற அம்மாவை, வீட்டுல யாருக்காவது இருமல் இருக்கான்னு தினம் குறுக்கு விசாரணை செஞ்சேன். உங்க தொல்லைக்கு அந்த நோயே தேவலை வார்டனம்மான்னு அவ சொல்லிட்டுப் போனா. சொல்லட்டும், நமக்கென்ன.

இல்லத்துல ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. காலையில ஏழு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் எல்லாரும் கூடத்துல வரிசையா வந்து உட்காரணும். பெரிய நர்ஸ் துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்தக் கருவியை ஒவ்வொருத்தர் நெத்திக்கு நேரா பிடிப்பாங்க. நூறுக்கு மேல காட்டினா நேரா மேல்மாடி. அங்க பதினாலு கட்டில் போட்டு, மாடிப்படியை பிளாஸ்டிக் திரையால மறைச்சிருந்தாங்க. மேல்மாடியிலயும் முடியலன்னா பெரிய ஆஸ்பத்திரி. மேல போனவங்கள்ல ஒருத்தர்தான் திரும்பி வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட வரல. இந்தக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம்.

அப்போ எவன் காய்ச்சல்னு ஒத்துப்பான்? எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. ஒரு காலையில, ஆறாம் நம்பர் அறையில இருக்கிற பட்டாளத்தார் வரிசையில வந்து சேர்றதுக்கு முன்னாடி தண்ணி பிடிக்கிற மூலைக்குப் போறதைப் பார்த்தேன். ஆறடி ஆளு, ராணுவத்துல இருந்தவர். ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த பாட்டிலை நெத்தியில வெச்சு உருட்டிட்டு, துண்டால துடைச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து உட்கார்ந்தார். நர்ஸ் பிடிச்சாங்க, தொண்ணூத்தேழுன்னு காட்டுச்சு. நான் எழுந்தேன். எல்லார் முன்னாடியும் விஷயத்தைப் போட்டு உடைச்சேன். பத்து நிமிஷம் இங்கயே உட்கார வெச்சு மறுபடியும் பாருங்கன்னேன். பார்த்தாங்க, நூத்தி ஒண்ணு. செருப்பை மாட்டிக்கிட்டு அவரே படியேறிப் போனார்.

என் தங்கச்சியும் அவரும் தினம் மத்தியானம் கேரம் ஆடறவங்க. அன்னிக்கு அவ என் முகத்தையே பார்க்கல. உனக்காகத்தான்டி செஞ்சேன், அவர் தொட்ட காயைத்தான் நீ தொடறேன்னு சொன்னேன்.

அடுத்த வாரத்துல இன்னும் ரெண்டு பேரைக் கையும் களவுமா பிடிச்சேன். மேனேஜர் எனக்கு நர்ஸ் பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது. நான் கூடத்துக்குள்ள வந்தா பேச்சு நின்னுடும். வராந்தாவுல நடந்தா கதவுகள் சாத்திக்கும். திருடனுக்கு போலீஸைப் பார்த்தா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

பட்டாளத்தாரை மேல்மாடியிலேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு ஒரு மத்தியானம் தெரிஞ்சது. ரெண்டு நாள் கழிச்சு அவர் பொண்ணு வாசல்ல நின்னு அவரோட பெட்டியை வாங்கிட்டுப் போனா. என் தங்கச்சி ஜன்னல் வழியா அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அவர் கீழயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டா. நமக்கெல்லாம் வந்திருக்கும்னேன். சரிதான்னா.

அதுக்கப்புறம் அவ ரொம்ப சுத்தமாயிட்டா. நாளைக்கு ஏழெட்டுத் தடவை முகம் கழுவினா. வரிசைக்குப் போறதுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு தடவை. பாருங்க என் தங்கச்சியை, சொன்னதைக் கேட்டு எப்படி நடந்துக்கறான்னு பெரிய நர்ஸ்கிட்ட நானே பீத்திக்கிட்டேன். சாப்பாட்டுல பாதியை என் தட்டுல தள்ளுவா. நீ ஓடியாடி காவல் காக்கறே, உனக்குத்தான் தெம்பு வேணும்னு சொல்வா. பாசத்தைப் பாருடான்னு நானும் வழிச்சு சாப்பிட்டேன். ஊர்ல இருக்கிற அத்தனை நெத்தியையும் சந்தேகப்பட்டேன், பக்கத்துக் கட்டில்ல இருக்கிற நெத்தியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கல. எனக்கெல்லாம் எதுக்கு வார்டன்னு ஒரு பேர்?

ஒரு நாள் மத்தியானம் மூணு மணி இருக்கும். நாற்காலியிலேயே தூங்கிட்டிருந்தா. போர்வை நழுவிக் கிடந்தது. எடுத்துப் போடும்போது அவ கை என் கையில பட்டுச்சு. கொதிக்குது. உதட்டைப் பார்த்தேன், நீலம் பாரிச்சிருந்தது. நான் கத்தின கத்தல்ல பெரிய நர்ஸ் ஓடி வந்து விரல்ல ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினாங்க. தொண்ணூத்தஞ்சு இருக்கணும், எண்பத்தாறு காட்டுச்சு. தலையணைக்குக் கீழ ஈரக் கைக்குட்டை மூணு. காய்ச்சல் மாத்திரை அட்டை ரெண்டு, ரெண்டும் காலி. மூட்டு வலிக்குன்னு வாங்கி வாங்கிச் சேர்த்து வெச்சிருக்கா. அஞ்சு நாளா காய்ச்சலாம்.

நாற்காலி வண்டியில ஏத்தும்போது அவ கண்ணைத் திறந்தா.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போட்டுக் கொடுத்துடுவேக்கா."

கோபமா சொல்லியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவ சாதாரணமாத்தான் சொன்னா. வண்டியோட அவளைத் தூக்கிக்கிட்டு திரைக்குள்ள போயிட்டாங்க.

நானும் கூடவே போறேன்னு அடம் பிடிச்சேன். நோய் உள்ளவங்க மட்டும்தான் மேல வரலாம்னுட்டாங்க. எனக்கும் பரிசோதனை செஞ்சாங்க. ஒண்ணும் இல்லையாம். நல்ல செய்தின்னு மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொன்னப்போ அவர் கன்னத்துல ஒண்ணு விடலாமான்னு இருந்தது. அஞ்சு நாள் அவ பக்கத்துலயே படுத்து, அவ மிச்சம் வெச்சதைச் சாப்பிட்டும் எனக்கு வரல. அவளுக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அவகிட்ட செல்போன் இருந்தது. தினம் நாலு தடவை பேசினேன். எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்க்கான்னு சொல்வா. சாப்பிட்டியான்னா, சாப்பிட்டேன்னு சொல்வா. மூச்சு எப்படி இருக்குன்னா, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி வேற பேச்சுக்குப் போயிடுவா. அவ பேச்சை மாத்தினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? ஆனா அதுவும் நிச்சயமில்லை. நிஜமாவே நல்லா இருந்தாலும் இதைத்தான் சொல்லப் போறா, செத்துக்கிட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லப் போறா. கேட்டுக் கேட்டு உண்மையை வரவழைக்கிற வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி. அவகிட்ட ஒண்ணும் செல்லல.

மேல்மாடி நர்ஸ்கிட்ட விசாரிச்சேன். பாதுகாப்பு உடுப்பு பத்தாக்குறையாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் உள்ள போவாங்களாம். நடுவுல கதவுக் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்து, எப்படின்னு சைகையில கேப்பாங்களாம். உங்க தங்கச்சி கட்டை விரலைத் தூக்கிக் காட்டி சிரிக்கிறாங்கம்மா, கவலைப்படாதீங்கன்னு சொன்னாங்க. கீழ இருந்தப்போ மேல்மாடிக்குப் பயந்தவ, மேல போனதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயப்படறா. சிரிச்சு ஏமாத்தறா. ஆனா நான் எதை வெச்சு சொல்றது? என் சந்தேகத்துக்குப் பயந்துதான் அவ இந்த நிலைக்கு வந்தா.

மூணாவது நாள் காலையில பதினோரு மணிக்கு போன் போட்டேன். எப்படி இருக்கேன்னு கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கல. பட்டாளத்தாரைப் பத்திப் பேசினேன். அன்னிக்கு நான் அவரை எல்லார் முன்னாடியும் அப்படி நிக்க வெச்சிருக்கக் கூடாது, தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், கூடவே படி வரைக்கும் போயிருக்கலாம்னேன். உன்னை அஞ்சு நாள் பயமுறுத்தி வெச்சுட்டேன்டின்னேன். அழுதேன். விடுதியில வேலை பார்த்த காலத்துலகூட யார் காதுலயும் விழற மாதிரி நான் அழுததில்லை.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்குது. சின்னச் சின்னதா, மேல மேல.

"அக்கா."

"சொல்லுடி."

"நல்லா இல்லக்கா. மூச்சு விட முடியல. பயமா இருக்கு."

எந்திரிச்சு ஓடத்தான் கால் துடிச்சது. ஆனா ஓடல.

"நர்ஸ்கிட்ட சொல்லட்டுமா?" அப்படின்னு கேட்டேன். என் வாழ்க்கையில ஒருத்தரைக் கேட்டுட்டு இன்னொருத்தர்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவை. அவ யோசிச்சா. அந்த நேரத்துல எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சொல்லுக்கா. சீக்கிரம் சொல்லு."

என் மூட்டு வலியெல்லாம் எங்க போச்சோ, வராந்தாவுல ஓடினேன். நர்ஸ், நர்ஸ்னு என் குரல் கேட்டதும் ஒவ்வொரு கதவா தாழ்ப்பாள் விழுந்தது. யாரையோ பிடிச்சுட்டேன்னு நினைச்சிருப்பாங்க. மாடிப்படித் திரைகிட்ட பெரிய நர்ஸ் எழுதிக்கிட்டிருந்தவங்க தலையைத் தூக்கிப் பார்த்தாங்க. முகத்துல அவ்வளவு சலிப்பு.

"இன்னிக்கு யாரும்மா?"

"என் தங்கச்சி," அப்படின்னேன். மூச்சிரைச்சது. "கண்ணாடி வழியா பார்க்காதீங்க, உள்ள போங்க. நான் கண்டுபிடிக்கல. அவளே சொல்லச் சொன்னா."