உறுப்புரை பதினான்கும் கக்கூஸ் சாவியும்

சுனாமி கொண்டுபோன பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக வெளிநாட்டுக்காரர்கள் பெரியகல்லாற்றில் தகரக் கொட்டகைகள் போட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு மலசலகூடமும் கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், உள்ளே கொண்டி, வாசலில் சிவப்பு றிபன். அதைத் திறக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கல்லில் பெயர் வெட்டி முடிப்பதற்குள் ஓர் அமைச்சர் கட்சி மாறினார். அடுத்தவருக்கு வேறு கல் வெட்டினார்கள். அவர் வருவதாக இருந்த கிழமை வாகரைப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. சாவி பள்ளிக்கூட அதிபர் நல்லரத்தினத்தின் சட்டைப் பையிலேயே கிடந்தது.

பெண்பிள்ளைகள் வாவிக்கரைப் புதர்ப் பற்றைக்குப் போய்வந்தார்கள். பிறகு ஆமிக்காரர் பற்றைக்கு நேரே காவலுக்கு உயரமாக ஒரு சென்றி போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் பற்றை ஒன்றையும் மறைக்காது.

பத்தாம் வகுப்பு அஜந்தா மாதத்தில் அந்த நாட்களில் இடைவேளையோடு வீட்டுக்குப் போய்விடுவாள். "அரைநாளைக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? இன்னொருக்கா பாதியில வந்தா பேசாம வீட்டில நில்லு. கருவாடு காயப்போட ஆள் வேணும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அப்படியொரு நாள். வதனி டீச்சர் குடியியல் பாடத்தில் அடிப்படை உரிமைகளைக் கரும்பலகையில் எழுதினாள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம். பேச்சுச் சுதந்திரம். அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம். அது உறுப்புரை பதினான்கு.

"விளங்காத ஆக்கள் கேளுங்க."

அஜந்தா எழும்பினாள். "டீச்சர், கக்கூஸ் எந்த உறுப்புரையில வருது?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவளும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டுதான் நின்றாள்.

"நேரடியா இல்ல புள்ள. ஆனா ஒன்றுகூடலாம். அமைதியா."

பெண்பிள்ளைகள் போய் றிபனுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். கடைசியில் டீச்சர்.

அதிபர் ஓடி வந்தார். "என்ன மனே இது? கூட்டம் கூடப்படாது. அவசரகாலச் சட்டம் இரிக்கி."

"எங்களுக்கும் அவசரந்தான் சேர்" என்றாள் மேர்லின், வரிசையிலிருந்து.

"அரசாங்கத்து ஆள் வந்து றிபன் வெட்டாமத் திறக்க ஏலாது. நாளைக்கு என்னையெல்லோ கேப்பாங்க."

கூட்டத்தைக் கண்டு சென்றியிலிருந்து ஓர் ஆமிக்காரன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். அதிபரின் கை சட்டைப் பையைப் பொத்தியது.

"பையில என்ன?" என்றான் அரைகுறைத் தமிழில்.

அஜந்தாவுக்கு அடிவயிறு குத்தியது. பயப்பட நேரமில்லை.

"சேர், இவரும் அரசாங்கத்து ஆள்தானே."

அதிபர் அவளைப் பார்த்தார். துவக்கைப் பார்த்தார். சாவியை எடுத்து நீட்டினார்.

ஆமிக்காரன் கதவைத் திறந்து டைல்ஸைப் பார்த்தான். இத்தனை மாதமாக அவனுக்கும் அதே பற்றைதான். றிபனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு உள்ளே போய்க் கொண்டி போட்டான்.

பிரதம விருந்தினர் வெளியே வர நல்ல நேரம் எடுத்தது. அமைச்சரின் பேச்சும் அவ்வளவு நீளம் போயிருக்கும்.

"தண்ணி இல்ல" என்று முறைத்துவிட்டு நடந்தான். குழாய் பொருத்தியவர்கள் தண்ணீரை மறந்துபோயிருந்தார்கள்.

கிணறு பள்ளி வளவின் மறுகோடித் தொங்கலில் இருந்தது. அஜந்தா கொட்டகை மூலையில் கிடந்த வாளியை எடுத்து வந்தாள்.

"டீச்சர், உரிமைக்குப் பிறகு என்ன பாடம்?"

"குடிமக்களின் கடமைகள்."

அஜந்தா வாளியை அதிபரிடம் நீட்டினாள். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வரிசையை விட்டு அசையவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். ஆமிக்காரன் விட்டுப்போனதற்கு ஒரு வாளி போதவில்லை, திரும்பவும் போனார்.

அன்று பள்ளிக்கூடம் விடும்வரை அம்மா கருவாட்டைத் தனியாகத்தான் புரட்டிப் போட்டாள்.