வலது பக்கம் சிறுத்தை

காட்டு ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தலை என்று ஒன்று இருப்பதே குறைதான். பின்னால் உயரமான இருக்கையில், பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிக்கொண்டு படமெடுக்கிற விருந்தாளிகளைக் கேட்டால் சொல்வார்கள். முன்னால் ஸ்டீயரிங்கோடு நான். பக்கத்தில் வழிகாட்டி, என் மனைவியின் தம்பி. புதருக்குள் வால் நுனி தெரிந்தால் போதும், மச்சினன் கத்த மாட்டான். என் தோளில் இரண்டு தட்டு, காதில் ஒரு கிசுகிசுப்பு: "வலது பக்கம் சிறுத்தை." நான் பிரேக்கை மிதித்து, இன்ஜினை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பேன். அதற்குள் பின்னால் கேமராக்கள் எழும். நாங்கள் இருவரும் பொத்தென்று குனிந்துவிடுவோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை குனியவில்லை. ஒரு பெரிய மனிதர் எடுத்த படத்தில் பாதி சிறுத்தை, பாதி என் காது. அவர் போட்ட கூச்சலில் சிறுத்தை ஓடிவிட்டது, காது மட்டும் மிஞ்சியது. தொட்டில் பழக்கம்தான் சுடுகாடு மட்டும் வரும் என்பார்கள். ஜீப் பழக்கமும் வரும். யார் எங்கே கேமராவைத் தூக்கினாலும் என் தலை தானாகக் கீழே போய்விடும். வீட்டுப் படங்களில் நான் முதுகாகவும் உச்சந்தலையாகவும் இருக்கிறேன், ஒன்றில் முழங்கையாக.

இதையும் ஒரு பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் நான். மகள்தான் என் வாயை அடைத்தாள். நர்ஸ் வேலை கிடைத்து மறுநாள் கடல்தாண்டிப் போகிறாள். பெட்டியைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எல்லாம் எடுத்து வச்சுட்டேம்பா. உங்க முகம்தான் இல்ல."

"என் லைசென்ஸ்ல இருக்கே, அதைக் காப்பி எடுத்துக்கோ."

"அது யாரோ பட்டினி கிடந்த பையன். எனக்கு எங்கப்பா வேணும்."

அப்படித்தான் எல்லாருமாக ஸ்டூடியோவுக்குப் போனோம். சின்ன அறை. நீலத்துணி, இரண்டு குடைவிளக்கு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தூக்கினார். நானும் மச்சினனும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

"என்ன சார், ரெண்டு பேரும் எதையாவது கீழ போட்டுட்டீங்களா?"

மறுபடி தூக்கினார், மறுபடி குனிந்தோம். நாற்காலியை இறுகப் பிடித்தேன், பல்லைக் கடித்தேன். நான் சொன்னால் கழுத்து கேட்டால்தானே!

மனைவி பொரிந்து தள்ளினாள். "சிறுத்தையே இவருக்கு நின்னு போஸ் குடுக்குதாம். இந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம் நிமிர்ந்து உக்கார முடியல. கல்யாண ஆல்பத்துலயே என் பக்கத்துல இவரோட வகிடுதான் உக்காந்திருக்கு!"

"நீ குடுத்து வச்சவ. இப்ப அந்த வகிடும் போச்சு," என்று வழுக்கையைத் தடவினேன்.

மச்சினன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட கிறுக்கா, பெற்ற பிள்ளைக்கு ஒரு முகத்தைக் காட்ட உனக்குத் துப்பில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் எழுந்து போய் மச்சினன் காதில் ஏதோ சொன்னாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்து, ஸ்டூடியோக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஒரு குனிகிற ஆள் குறைந்தான், நல்லதுதான் என்று நினைத்தேன். மகள் என் பின்னால் வந்து நின்றாள். தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

"வலது பக்கம் சிறுத்தை."

கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. கை, இல்லாத சாவியைத் திருகியது. மூச்சு நின்றது, தலை நிமிர்ந்தது, கண் வலது பக்கம் பாய்ந்தது.

"இப்ப!" என்றான் மச்சினன். விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். நான் குனிவதற்குள் கிளிக் விழுந்துவிட்டது.

வலது பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி இருந்தது.

"அடப்பாவிகளா!" என்றேன்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு உதட்டைப் பிதுக்கினார். "சார் எங்கயோ பார்க்கறார். அம்மாவும் பாப்பாவும்கூட கேமராவைப் பார்க்கல. இன்னொண்ணு எடுத்துடலாமா?"

"வேண்டாண்ணா. எனக்கு இதுதான் வேணும்," என்றாள் மகள்.

நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு பூந்தொட்டியைப் பார்க்கிறேன். மனைவியும் மகளும் என்னைப் பார்க்கிறார்கள். இந்த ஒரு தடவையாவது இந்த ஆள் ஓடாமல் நிற்க வேண்டுமே என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல்.

இத்தனை வருஷமாக ஊராருக்குச் சிறுத்தை காட்டுகிறேன். அதைப் பார்க்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால். ஜீப் கண்ணாடியில் பார்த்தாலும் முகத்தை லென்ஸ் மறைத்திருக்கும். இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"என்னப்பா, பிடிக்கலையா?" என்று மகள் கேட்டாள்.

யாரும் கேமராவைத் தூக்கவில்லை. ஆனாலும் குனிந்துகொண்டேன்.