டேரல் ஹோவாக்கின் வலது கை

டேரல் ஹோவாக்கின் வலது கைக்கு வயதாகிவிட்டது என்ற செய்தி டொலீடோ நகரத்தில் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது அந்த வலது கைக்குத்தான். அதற்கு முன்பே பல் டாக்டர்களுக்கும், முடிவெட்டுபவர்களுக்கும், பந்தை ஆயுளில் தொட்டே பார்க்காத வானொலி மேதைகளுக்கும் அது தெரிந்துவிட்டது.

நான் லானி பெட்ரோஸ்கி. எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹெரன்ஸின் வீடியோ அறை என் பொறுப்பு. ஒவ்வொரு ஆட்டத்தையும் உச்சியிலிருந்து படம் பிடித்து, துண்டு துண்டாக வெட்டி, திங்கட்கிழமை காலையில் ஆட்டக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். யார் எங்கே ஓடினான், எங்கே ஓடியிருக்க வேண்டும் என்பது கடவுளுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். இந்த விஷயத்தில் கடவுளிடமும் யாரும் கேட்பதில்லை, என்னிடமும் கேட்பதில்லை.

டேரல் எங்கள் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர். வயது முப்பத்தொன்பது. பதினாறு வருடமாக இதே ஊர், இதே பதினாலாம் நம்பர் சட்டை. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த சீசனை முழுதாக ஆடி, கடைசி ஆட்டத்தை இதே மைதானத்தில் இதே சட்டையோடு முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அணியின் முதலாளி ஸ்டான்டிஷுக்கு வேறு ஆசைகள் இருந்தன.

ஸ்டான்டிஷ் மெத்தை விற்று முன்னுக்கு வந்தவர். மனிதர்களைத் தூங்க வைப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கோடையில் அவர், டேரல் எறிவதை ஓடிப்போய்ப் பிடித்து எட்டு வருடம் கூடவே ஆடிய இரண்டு ரிசீவர்களையும் செலவு ஜாஸ்தி என்று அனுப்பிவிட்டு, ராட்சத ஸ்கோர்போர்டு ஒன்று வாங்கி மாட்டினார். இப்போது நாங்கள் தோற்பது ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் தெரிகிறது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. ப்ரூக்மன் என்ற முப்பத்துமூன்று வயதுக் கோச் ஒருவரையும் பிடித்து வந்தார். அவரிடம் நானூறு பக்கத்தில் ஓர் ஆட்டத் திட்டம் இருந்தது.

பழைய திட்டத்தில் ரிசீவர் சொன்ன இடத்துக்கு ஓடுவான், டேரல் அந்த இடத்துக்கு எறிவார். ப்ரூக்மனுக்கு இது ரொம்பக் கேவலமாகப் பட்டது. அவர் திட்டப்படி ரிசீவர் பன்னிரண்டு கஜம் ஓடி, தன்னை மறிக்க வருபவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். அவன் உள்பக்கம் நின்றால் இவன் வெளியே திரும்ப வேண்டும், வெளிப்பக்கம் நின்றால் உள்ளே. டேரலும் அதே நொடியில் அதையே பார்த்து, ரிசீவர் திரும்பும் முன்பே பந்தை விட்டுவிட வேண்டும். இருபது வருடம் குடும்பம் நடத்திய புருஷன் பெண்டாட்டிக்கே பாதி நாள் சரிவராத வேலை இது. டேரலுக்கு ஜோடியாகக் கிடைத்தவனோ கீயான் டப்ஸ். இருபத்திரண்டு வயது, கண்ணுக்குத் தெரியாத வேகம். ஆனால் எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கமாகவே அந்த வேகத்தையும் காட்டுவான்.

முதல் ஆட்டத்திலேயே அது நடந்தது. டேரல் வெளியே எறிந்தார், கீயான் உள்ளே திரும்பினான். பந்து போன இடத்தில் எதிரணிக்காரன் மட்டும் நின்றிருந்தான். கேட்காமலே கைக்கு வந்ததில் அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். அறுபதாயிரம் பேர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கிழவன் ஆளே இல்லாத இடத்துக்கு எறிகிறான்.

"தாத்தா, அடுத்த வாட்டி கண்ணாடி போட்டுட்டு வா," என்று ஏழாம் வரிசையிலிருந்து ஒருவர், தின்றுகொண்டிருந்த சில்லி டாக் சட்டையெல்லாம் வழிய, அறிவுரை சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் குவாட்டர்பேக் மைக் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது விதி. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பது எழுதாத விதி. "தப்பு என்னோடது." ரிசீவர் பந்தைக் கோட்டைவிட்டிருந்தாலும், வழுக்கி விழுந்திருந்தாலும், எந்த ஊர்க் குவாட்டர்பேக்கும் இதைத்தான் சொல்வான். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்று சொல்கிற மாதிரி. அதை யாரும் சமையலுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்லை. டேரலும் சொன்னார். ஏழு வாரம் வரிசையாகச் சொன்னார்.

ஏழாவது வாரம் முடிந்தபோது எதிரணி கைக்குப் போன பந்துகள் பதின்மூன்று. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதில் ரிசீவர் தப்பான பக்கம் திரும்பியிருந்தான். இரண்டு, பிடிக்க வந்தவன் கையில் பட்டுத் தெறித்தவை. மிச்சம் இரண்டுதான் டேரலின் உண்மையான சொத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைக் கூப்பிட்டு ஒன்பதையும் போட்டுக் காட்டினேன்.

"இத ஸ்டான்டிஷ்கிட்ட கொண்டு போகப் போறேன்," என்றேன்.

"வேணாம் லானிண்ணே."

"ஏம்பா, ஊரே உன் கைய அடக்கம் பண்ணிட்டு காப்பி குடிக்குது. நீ வேடிக்கை பாத்துட்டு இருக்க."

"ஒரு தடவ நான் ஒருத்தன கைகாட்டிட்டா, அப்புறம் இந்த டீம்ல ஒருத்தன் எனக்காக ஓட மாட்டான். தெரிஞ்சும் பேசுறீங்களே."

கீயான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்தான். "அண்ணே, நாந்தான்னு எனக்குத் தெரியும். நானே போய் முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. சாயங்காலமே பெட்டிய கட்டச் சொல்லுவாங்க," என்றார் டேரல். "இந்தத் திட்டம் பிடிபட எல்லாருக்கும் ரெண்டு வருஷம் ஆகும். உனக்கு அந்த ரெண்டு வருஷம் இருக்கு. போய் வேலையப் பாரு."

டேரலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

மறுநாள் ஸ்டான்டிஷிடமிருந்து உத்தரவு வந்தது. டேரல் மைக்கில் பேசியதை எல்லாம் தொகுத்துக்கொண்டு வா. கொண்டு போனேன். டேரல் வேண்டாம் என்று சொன்னதை மீறி, அந்த ஒன்பது துண்டுகளையும் சேர்த்தே கொண்டு போனேன். முதலில் அவர் கேட்டதைப் போட்டேன். ஏழு வாரம், ஏழு சட்டை, ஒரே வாக்கியம். ஸ்டான்டிஷ் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். பக்கத்தில் ப்ரூக்மன், மடியில் நானூறு பக்கம்.

"இப்ப இதையும் ஒரு நிமிஷம் பாருங்க சார்," என்று ஒன்பதையும் ஓடவிட்டேன். "பந்து போக வேண்டிய இடத்துக்குத்தான் போகுது. ஆளுதான் அங்க இல்ல."

ஸ்டான்டிஷ் முழுவதையும் பார்த்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். பிறகு கேட்டார்: "லானி, தப்பு யாரோடதுன்னு அவரே சொல்றாரு. ஒரு தடவ இல்ல, ஏழு தடவ. அவரு கையப் பத்தி அவர விட உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"அது எல்லாரும் சொல்றது சார். ஒரு மரியாதைக்கு."

"அப்ப நம்ம குவாட்டர்பேக் ஏழு வாரமா ஊரையே ஏமாத்துறாருங்கறீங்க."

நான் ப்ரூக்மனைப் பார்த்தேன். உண்மை அவருக்கும் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தன் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை டேரலை ஓமஹா அணிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது அடுத்த வருடம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஆறாவது சுற்றில் ஓர் ஆளை எடுக்கும் உரிமை. அந்த ஆள் யாரென்று அவனைப் பெற்றவளுக்கே இன்னும் தெரியாது. டேரல் தன் அலமாரியைக் காலி செய்ய பத்து நிமிடம் ஆனது. ஒன்பது துண்டுகளைக் காட்டியதை நான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "கடைசி ஆட்டம் இங்க ஆடணும்னு நெனச்சேன் லானிண்ணே," என்று மட்டும் சொன்னார்.

ஓமஹா பணக்கார அணி அல்ல. ஆனால் அங்கே பத்து வருடம் ஆடிய இரண்டு ரிசீவர்கள் இருந்தார்கள், சொன்ன இடத்துக்கு ஓடி அங்கேயே நிற்கும் பழக்கம் உள்ளவர்கள். கோச்சின் திட்டம் நாற்பது பக்கம். ஐந்து வாரத்தில் டேரல் பதினான்கு டச்டவுன் எறிந்தார், அதாவது பதினான்கு முறை பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளியாக மாறியது. வானொலி மேதைகள் காரணம் கண்டுபிடித்தார்கள். ஓமஹாவின் காய்ந்த காற்று தோள்பட்டைக்கு நல்லதாம்.

டிசம்பரில் ஓமஹா எங்கள் ஊருக்கே ஆட வந்தது. டேரல் கடைசியில் இந்த மைதானத்தில் ஆடத்தான் செய்தார், சட்டைதான் வேறு. நான்கு டச்டவுன். புது ஸ்கோர்போர்டில் ஒவ்வொன்றும் அற்புதமாகத் தெரிந்தது. ஏழாம் வரிசைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்கிற தோரணையில்.

முடிந்ததும் விருந்தாளி அணியின் சின்ன அறையில் மைக். கேமராவோடு நானும் போயிருந்தேன். முன்வரிசையில் எங்கள் ஊர் நிருபர் ஹட்சன்பில்லர். டேரல் தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட தப்பையெல்லாம் ஏழு வாரமும் தலைப்புச் செய்தியாக்கிய மனிதர்.

"உங்க கைக்குத் திடீர்னு எப்படி உயிர் வந்துச்சு?"

"அதே கைதான் சார்," என்றார் டேரல். "எங்க எறியறேனோ அங்க ஆள் நிக்கிறாங்க. இதுல என்னோட பங்கு ரொம்பக் கம்மி. உண்மையாத்தான் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹட்சன்பில்லர் குறிப்பேட்டில் எழுதியது எனக்குத் தெரிந்தது: எவ்வளவு அடக்கம்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பெரிய அறைக்கு ஓடினேன். அங்கே எங்கள் புதுக் குவாட்டர்பேக் பிரெண்டன் யோஸ்ட் நின்றிருந்தான். வயது இருபத்துமூன்று, இரும்புக் கை. அன்றைக்கு மூன்று பந்துகளை ஆளில்லாத இடத்துக்கு எறிந்திருந்தான். மூன்றிலும் கீயான் எந்தப் பக்கம் திரும்பினான் என்று என்னிடம் படம் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால்.

ஹட்சன்பில்லர் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்தார்.

"தப்பு என்னோடது," என்றான் பிரெண்டன்.

அவர் அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார்.